இருபத்தெட்டுப் பேருடைய கருத்து

உக்காருங்க சார். கதவத் தட்டாதீங்க, உள்ள யாரும் இல்ல. சாப்பாட்டுக்குப் போயிருக்காங்க. ரெண்டரைக்கு வர்றோம்னு சொல்லிட்டுப் போனாங்க, எப்படியும் ரெண்டே முக்கால் ஆகும். நான் இங்க வர்றது இது மூணாவது தடவ, எனக்கு இந்த ஆபீஸ் அத்துப்படி. நீங்க சர்டிபிகேட்டுக்குத்தானே வந்தீங்க? அப்பா பேர் தப்பா விழுந்திருக்கும். பாதிப் பேர் அதுக்குத்தான் வர்றாங்க. ஒரு மனு குடுத்தாப் போதும். வேணும்னா நானே எழுதித் தர்றேன், அஞ்சு நிமிஷ வேல. வேணாமா? சரி.

இந்த 'வேணாம்'ங்கிறத நான் முன்னாடியே காதுல வாங்கியிருந்தா விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னு என் பொண்ணு சொல்றா. சொல்றான்னா என்கிட்ட இல்ல, அவ சித்திகிட்ட போன்ல. என்கிட்டப் பேசி பதினோரு நாள் ஆச்சு. நடுவுல ஒரே ஒரு வாக்கியம் பேசினா, அத அப்பறம் சொல்றேன். இப்ப கீழ கேன்டீன்ல உக்காந்திருக்கா. காப்பி வாங்கி வச்சேன், ஆடை படிஞ்சு போச்சு, தொடல.

விஷயம் என்னன்னா, இன்னிக்கு நாலு மணிக்குள்ள நான் இந்தப் பல்கலைக்கழக ஆபீஸ்ல ஒரு கடிதம் குடுக்கணும். இருநூறு வார்த்த. ஏற்கெனவே ரெண்டு குடுத்தேன், ரெண்டையும் திருப்பிட்டாங்க. இதையும் திருப்பிட்டா அவளோட எம்.ஏ. ரிசல்ட்ட நிறுத்தி வச்சது நிறுத்தி வச்சதுதான். அவ வேல பாக்கிற ஸ்கூல்ல ஜூன் மாசத்துலேர்ந்து ப்ளஸ் ஒன் ஹிஸ்டரி அவளுக்குன்னு சொல்லியிருக்காங்க, இந்த எம்.ஏ. இருந்தா. இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. எட்டு வருஷமா ஆறாங்கிளாசுக்கு ஹரப்பா நடத்திட்டிருக்கா சார்.

நான் யாருன்னு சொல்லல பாருங்க. தெய்வசிகாமணி. துறையூர்ப் பக்கம். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுறவன். முப்பத்திநாலு வருஷம் ஆச்சு. கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில், எதுன்னாலும் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. எங்க தொழில்ல ஒண்ணு பாத்தீங்கன்னா, விக்கிறவரும் வாங்குறவரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. ஒருத்தருக்கொருத்தர் மொகம் குடுக்க மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் எழுதுவான், அதாவது நான். அதுல யாரும் தப்பு சொன்னதில்ல. அவங்க மனசுல இருக்கிறத ஒழுங்கான வார்த்தையில போட்டுக் குடுக்கிறோம், அவ்வளவுதான். அவங்ககிட்ட விட்டா ஒரு வயலுக்கு நாலு எல்ல சொல்லத் தெரியாது சார்.

எம் பொண்ணு பேரு தமயந்தி. சின்னதுலேர்ந்து அவளுக்கு எல்லாம் நான்தான் எழுதுவேன். லீவ் லெட்டர்கூட. ஜுரம் எந்தத் தேதியில வந்துச்சு, எந்தத் தேதியில விட்டுச்சு, பாத்த சாட்சி ரெண்டு பேர், எல்லாம் இருக்கும். அவ டீச்சரே வாங்கிப் பாத்துட்டு, இப்படி ஒரு லீவ் லெட்டர் நான் பாத்ததே இல்லன்னு சொன்னாங்க. அவ அப்பவும் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டுத்தான் இருந்தா. கொழந்தைங்களுக்கு என்ன தெரியும்.

இந்த எம்.ஏ. ஆன்லைன்ல. வகுப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல. நான் கூட நெனச்சேன், அப்படின்னா வீட்ல உக்காந்து படிச்சமா, பரீட்ச எழுதினமான்னு இருக்கும்னு. அப்படி இல்லயாம். பங்கேற்புன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. இருபத்தஞ்சு மார்க்கு. வாரா வாரம் ஒரு கேள்வி போடுவாங்க. அதுக்கு ஒவ்வொருத்தரும் நூத்தம்பது வார்த்தையில சொந்தக் கருத்து எழுதணும். எழுதிட்டு, கூடப் படிக்கிறவங்க எழுதினதுல ரெண்டு பேருக்குப் பதில் போடணும். போடலன்னா பரீட்சைக்கே உக்கார முடியாது. மொத்தம் முப்பத்தோரு பேர். கரூர், அரியலூர், மணப்பாறைன்னு எங்கெங்கயோ இருக்கிறவங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்ததே கெடயாது, ஆனா ஒருத்தர் கருத்துக்கு ஒருத்தர் பதில் சொல்லணும். 

என்ன சொல்வாங்க? மொத ரெண்டு வாரம் எல்லாரும் 'அருமையான கருத்து தோழரே', 'மிக அருமை சகோதரி'ன்னு போட்டாங்க. வகுப்பு எடுக்கிற அம்மா பேரு ஜோஸ்பின். ரொம்ப நல்ல அம்மா, கண்டிப்பு ஜாஸ்தி. அவங்க மூணாவது வாரம் ஒரு அறிவிப்பு போட்டுட்டாங்க. இனிமே அருமைன்னு எழுதினா மார்க் கெடயாது, மறுத்துப் பேசணும், காரணம் சொல்லணும், எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு கீழ போடணும்னு. வகுப்பே ஆடிப் போச்சு. மொகம் தெரியாத மனுஷன எப்படி சார் மறுத்துப் பேசறது? நம்ம ஊர்ல தெரிஞ்சவன்கிட்டயே ஆமாம்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துதானே திட்டுவோம்.

அந்த வாரம் தமயந்திக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா. வீட்டுக்கு வர எட்டு எட்டரை ஆகுது. அப்பா, இந்த ஒரு தடவ நான் நோட்ல எழுதி வச்சிருக்கிறத டைப் அடிச்சு ஏத்திடுங்கன்னா. பாஸ்வேர்ட் குடுத்தா. நான் நோட்டப் பாத்தேன். கேள்வி சோழர் காலத்து நிலதானத்தப் பத்தி. அவ ஏதோ, நெலத்தக் குடுத்த ராசா பேரு கல்லுல இருக்கு, அதுல பாடுபட்டவன் பேரு எங்க இருக்குன்னு அஞ்சாறு வரி எழுதியிருந்தா. இது என்ன சார் கருத்து? நெலதானத்தப் பத்தி என்கிட்ட இல்லாத விஷயமா? நான் அத எடுத்து ஓரமா வச்சுட்டு, மேற்படி தானத்துக்குக் கிழக்கெல்ல வாய்க்கா, மேற்கெல்ல வண்டிப்பாதன்னு ஆரம்பிச்சு, அனுபவ பாத்தியத சகிதம் ஒரு பக்கத்துக்கு அடிச்சேன். ஜோஸ்பின் அம்மா அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டாங்க. 'தமயந்தியின் பதிவை அனைவரும் முன்மாதிரியாகக் கொள்ளவும்.' அவகிட்டக் காட்டினேன். பாத்துட்டு அவ நோட்ட எடுத்துப் பையில வச்சுக்கிட்டா. சந்தோஷம்னா அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அப்பறம் ஒரு நாள் போன் வந்துச்சு. முத்துக்கருப்பன்னு ஒருத்தர், கரண்ட் ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டர், இதே வகுப்பு. தமயந்தியத்தான் கூப்பிட்டார், போன நான் எடுத்தேன். அம்மா எப்படி இவ்வளவு நல்லா எழுதுறீங்கன்னார். அம்மா இல்ல, அப்பான்னேன். எழுதினவன் பேர மறைக்கிற பழக்கம் எனக்கு இல்ல. மறுநாள் பாஸ்வேர்டோட வந்துட்டார். அடுத்து ஸ்டெல்லான்னு ஒரு நர்ஸம்மா, பெரம்பலூர்ப் பக்கம். டூட்டி முடிச்சு வந்தா கண்ணு சொருகுது சார்னாங்க, பாவமா இருந்துச்சு. அப்படியே ஒருத்தர் சொல்லி ஒருத்தர், ஒருத்தர் சொல்லி ஒருத்தர். ஆறாவது வாரத்துல இருபத்தெட்டுப் பேர். மிச்சம் மூணு பேர் வகுப்புலயே தல காட்டல, அவங்களும் வந்திருந்தா செஞ்சிருப்பேன். ஒரு பைசா வாங்கல, அத இங்க விசாரணையிலயும் சொல்லிட்டேன்.

கணக்குப் பாருங்க. இருபத்தெட்டுக் கருத்து, அதுக்கு அம்பத்தாறு பதில். வாரத்துக்கு எண்பத்து நாலு. எல்லாரும் ஒரே மாதிரி பேசினா நல்லா இருக்குமா? நான் ஆளுக்கு ஒரு கொணம் வச்சேன். முத்துக்கருப்பன் எதையும் ஒத்துக்க மாட்டார். ஸ்டெல்லாம்மா மெதுவாப் பேசுவாங்க, ஆனா விட மாட்டாங்க. மணப்பாறை நல்லேந்திரன் எதுக்கெடுத்தாலும் ஆதாரம் கேப்பார். தமயந்தி எல்லாரையும் சமாதானம் பண்ணுவா. 

ஏழாவது வாரம் ஒரு சண்ட வந்துருச்சு சார். கேள்வி, அந்தக் காலத்து ஏரியெல்லாம் ராசா வெட்டினதா, சனங்க வெட்டினதான்னு. முத்துக்கருப்பன் ராசா பக்கம். பேச்சு முத்திப் போயி ஸ்டெல்லாம்மாவப் பாத்து, 'ஏரிக்கரையில் நின்று பாராதவர்கள் ஏரியைப் பற்றிப் பேசலாகாது'ன்னுட்டார். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. ஒரு பொம்பளையப் பாத்து அப்படிச் சொல்லலாமா? எனக்குச் சாப்பாடு எறங்கல. அந்தம்மாவும் சும்மா இருக்கல, 'அதிகாரம் மின்கம்பத்தோடு நிற்கட்டும்'னு நறுக்குன்னு குடுத்தாங்க. ஆமா சார், ரெண்டும் நான்தான் எழுதினேன். இருந்தாலும் முத்துக்கருப்பன் சொன்னது தப்புதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

இதுல பாருங்க, நெஜ ஸ்டெல்லாம்மா அத ஒரு நாள் டூட்டியில படிச்சுட்டாங்க. நெஜ முத்துக்கருப்பனுக்குப் போன் போட்டு, என்னப் பாத்து எப்படிங்க அப்படிச் சொல்லலாம்னு கேட்டிருக்காங்க. அந்தாளு நான் சொல்லலன்னு சொல்ல வேண்டியதுதானே? சொல்லல. நான் சொன்னதுல என்ன தப்புன்னு திருப்பிக் கேட்டிருக்கார். அவங்க வீட்டுக்காரர் வரைக்கும் போயிடுச்சு. கடேசில தமயந்தி பேர்ல நான் ஒரு சமாதானப் பதிவு போட்டு, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு, அத முத்துக்கருப்பன் பிரின்ட் எடுத்து வச்சிருக்காராம். ஜோஸ்பின் அம்மா, இருபது வருஷத்துல இவ்வளவு உயிரோட்டமான வகுப்பு நான் பாத்ததில்லன்னு மேலிடத்துக்கே எழுதிட்டாங்க.

தமயந்தியா? அவ அஞ்சாவது வாரமே நிறுத்தச் சொன்னா. நெஜத்தச் சொல்லணும்ல. அந்த வாரக் கேள்வி, வரலாத்துல கொரல் பதிவாகாம போனவங்க யாரு யாருன்னு. இத நானே எழுதுறேன்ப்பா, நீங்க தொடாதீங்கன்னு சொல்லிட்டு எழுதி ஏத்தியிருந்தா. மறுநாள் நான் போய்ப் பாத்தேன். 'எங்கள் வீட்டில் பேனா எப்போதும் அப்பாவிடம்தான் இருக்கும். என் லீவ் லெட்டரைக்கூட நான் எழுதியதில்லை. எனக்கு வயிற்று வலி என்று நான் சொன்னால் அது ஜுரம் என்று பதிவாகும்.' இப்படிப் போகுது. ஹிஸ்டரி கேட்டா வயித்து வலியப் பத்தி எழுதி வச்சிருக்கா சார். மார்க் போயிடுமேன்னு பதறிப் போயி எடுத்துட்டு, கல்வெட்டுல வர்ற பெண்களப் பத்தி ஒண்ணு தயார் பண்ணிப் போட்டேன். அதுக்கும் அஞ்சுக்கு அஞ்சு. அன்னிக்கு அவ அழுதா. இவ்வளவு மார்க் வாங்கி அழுவுற பொண்ண நான் பாத்ததில்ல.

சரி, மாட்டினது எப்படின்னு சொல்றேன். பத்திரம்னா கடேசில எழுதினவன் பேரும் உரிம நம்பரும் இருக்கணும். அது இல்லாத காகிதம் மொட்டக் கடுதாசி. நான் எண்பத்து நாலுலயும் கீழ போட்டேன், 'ப. தெய்வசிகாமணி, 41/1991'ன்னு. வாரா வாரம். ஒண்ணுலகூட விடல. ஜோஸ்பின் அம்மா என்ன நெனச்சிருக்காங்க, எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு போடச் சொன்னோமே, பிள்ளைங்க ஒழுங்காப் போடுறாங்க, யாரோ பெரிய ஆராய்ச்சியாளர், நாப்பத்தோராவது தொகுதி, தொண்ணூத்தி ஒண்ணுல வந்ததுன்னு. லைப்ரரிக்கு எழுதித் தேடச் சொல்லியிருக்காங்க. நாப்பத்தோரு தொகுதில ஒண்ணுகூடக் கெடைக்கலன்னு லைப்ரரிகாரர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கார். அப்பறம் வகுப்புல, இந்தத் தெய்வசிகாமணி உயிரோட இருக்காரான்னு கேட்டிருக்காங்க. முத்துக்கருப்பன், நல்லா இருக்கார் மேடம், எங்களுக்கெல்லாம் தெரிஞ்சவர்னு சொல்லிட்டார். உடனே எனக்கு அழைப்பு. சிறப்பு விருந்தினர்.

தமயந்தி போகாதீங்கப்பான்னா. பல்கலைக்கழகம் கூப்பிடுது, போகாம இருக்க முடியுமா? பட்டுக்கர வேட்டி கட்டிட்டு வந்தேன். பெரிய ஹால், ஹிஸ்டரி துறையே வந்திருக்கு, திரையில அந்த இருபத்தெட்டுப் பேரும் சின்னச் சின்னக் கட்டமாத் தெரியறாங்க. சால்வ போட்டாங்க. ஜோஸ்பின் அம்மா மைக்கப் புடிச்சு, வரலாற்று ஆய்வாளர், நாப்பத்தோரு தொகுதி கண்டவர்ன்னு ஆரம்பிச்சாங்க. இல்லாத பெருமைய வாங்கிக்கலாமா சார்? நான் எந்திரிச்சு, அம்மா, நான் ஆய்வாளர் இல்ல, பத்திரம் எழுதுறவன், இந்தப் பிள்ளைங்க இருபத்தெட்டுப் பேருக்கும் எழுதினது நான்தான், சண்ட போட்டதும் நான்தான், சமாதானம் பண்ணதும் நான்தான், எல்லாத்துலயும் கீழ கையெழுத்து இருக்கேன்னேன். 

திரையில ஒவ்வொரு கட்டமா அணஞ்சுது. யாரோ ஒருத்தர் மட்டும் கை தட்டுற பொம்மைய அனுப்பினார், தெரியாம அமுக்கிட்டாராம். தமயந்தி கட்டம் மட்டும் அணையல. என்னையே பாத்துட்டு இருந்தா.

இருபத்தெட்டு ரிசல்ட்டும் நின்னுச்சு. மத்த இருபத்தேழு பேரும் மன்னிப்புக் கடிதம் குடுத்தாங்க, ஏத்துக்கிட்டு, மறுபடி ஒரு பரீட்ச எழுதினாப் போதும்னு விட்டுட்டாங்க. ஒவ்வொரு கடிதமும் மனசத் தொடுது, சொந்த வார்த்தையில இருக்குன்னு குறிப்பு எழுதியிருக்காங்க. நான்தான் சார் எழுதினேன். வேற யாரு எழுதுவா? 

தமயந்தி மட்டும் என்ன எழுத விடல. அவளே நாலு வரி எழுதிக் குடுத்தா. 'எனக்குத் தெரியும். நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தவில்லை. ஏன் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.' அவ்வளவுதான். அதப் புடிச்சுக்கிட்டாங்க. அப்பா வந்து ஏன் செஞ்சார்னு சொந்த வார்த்தையில எழுதிக் குடுக்கட்டும், அப்பறம் ரிசல்ட்டுன்னு சொல்லிட்டாங்க.

மொதக் கடிதம் நல்லாத்தான் ஆரம்பிச்சேன். 'திருச்சிராப்பள்ளி மாவட்டம், துறையூர் வட்டத்தில் வசிக்கும் பரமசிவம் குமாரர் தெய்வசிகாமணி ஆகிய நான், எனது முழு மனதுடனும் சுயநினைவுடனும் பிறர் தூண்டுதலின்றியும் எழுதிக்கொடுக்கும் விளக்கம் என்னவென்றால்.' ஜோஸ்பின் அம்மா படிச்சுட்டு, ஐயா, இதுல நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டாங்க. ரெண்டாவது வரியில, 'ஆகிய நான்'னு இருக்கே அம்மான்னு காட்டினேன். வேற எழுதிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது இதவிட நல்லா எழுதினேன், அதையும் திருப்பிட்டாங்க. வீட்டுக்குப் போய் தமயந்திகிட்ட, நீ எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடுறேன்னேன். அப்பதான் அந்த ஒரு வாக்கியம் பேசினா. 'உங்களுக்கு என்ன தோணுதோ அத எழுதுங்கப்பா.' தோணுறதயெல்லாம் எழுதினா எந்த ஆபீஸ்ல சார் ஏத்துக்குவாங்க?

காலையிலேர்ந்து இந்தக் காகிதம் இப்படியே இருக்கு பாருங்க. நாப்பது ஏக்கர் பாகப்பிரிவினைய மூணு மணி நேரத்துல முடிச்சவன் நான். சார், நீங்க படிச்சவர் மாதிரி தெரியுது. பாக்கெட்ல பேனா வேற இருக்கு. எனக்கு ஒரு இருநூறு வார்த்த எழுதித் தர்றீங்களா? நான் இவ்வளவு நேரம் சொன்னதுலேர்ந்து நல்லதா எடுத்து, கௌரவமா. என் பொண்ணுக்காகக் கேக்கறேன் சார். அவளுக்கு அந்த க்ளாஸ் கெடைக்கணும். நான் கெஞ்சி யாரும் பாத்ததில்ல.

எழுதறீங்களா? ரொம்ப நன்றி சார். இந்தாங்க அட்ட, அடியில வச்சுக்கங்க.

என்ன? ஏன் செஞ்சேன்னா? அதான் சொன்னேனே, மார்க்கு. மார்க்குக்குத்தான். மத்த இருபத்தேழு பேருக்கா? அது, அவங்க கேட்டாங்க. இல்ல சார், கேட்டாங்கதான்.

எங்க ரிஜிஸ்தர் ஆபீஸ நாலரைக்கு மூடிருவாங்க சார். தமயந்தி டியூஷன் முடிச்சு வர ஏழு ஆகும். வந்தா நோட்டு திருத்தணும்னு உள்ள போயிடுவா. அவ அம்மா போயி ஆறு வருஷம் ஆச்சு. நாலரைக்கு வீட்டுக்குப் போயி நான் என்ன பண்றது? கம்ப்யூட்டரத் தொறந்து அந்த வகுப்புக்குள்ள போனா இருபத்தெட்டுப் பேர் இருந்தாங்க. ஒருத்தர் ஒண்ணு கேட்டா இன்னொருத்தர் பதில் சொன்னாங்க. நான் எழுதினதுதான், அது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் நாலு பேரோட இருந்துட்டு வந்த மாதிரி இருக்கும். தமயந்தியும் இருந்தா. அதுல அவ நல்லாப் பேசுவா சார். நான் என்ன சொன்னாலும் நின்னு கேட்டு, பதில் சொல்லிட்டுத்தான் போவா.

என்ன சார், அதையா எழுதிட்டீங்க? அத எழுதாதீங்க. அடிச்சிடுங்க சார், ஆபீஸ்ல குடுக்கிற காகிதம். வேற ஏதாவது நல்லதா எழுதுங்க.